முழங்காலைக் கேட்டுப் பாலம் போடு

வா பேராண்டி, திண்ணையில உக்காரு. அந்தத் தூணோரம் வேண்டாம், எறும்பு ஊருது. கையில என்னத்தைச் சுருட்டி வச்சிருக்க? பாலத்துக்கு வரைபடமா? நம்ம டேசனுக்கா? அடேங்கப்பா! ரெண்டு நாளா ஒரு பய தொப்பி போட்டுக்கிட்டு, முக்காலியை ஊண்டி, ஒத்தக் கண்ணை மூடிப் பாத்துக்கிட்டு நிக்கான்னு உங்க அப்பத்தா வந்து சொன்னா. “சாடை நம்ம பேரனாட்டம் இருக்கு, ஆனா நம்ம பேரன் வெயில்ல நிக்க மாட்டானே”ன்னு அவளுக்கு ஒரே சந்தேகம். நீதானா அது!

விரி, பாப்போம். அந்தக் கண்ணாடியை எடு. நீலக் கோடுதான் பாலமா? வடக்கு மூலையில போட்டிருக்க. கெட்டிக்காரன்டா நீ. ஏன் அங்க போட்டன்னு கேட்டா, அங்கதான் இடம் காலியாக் கெடக்கு, கம்பம் கிம்பம் எதையும் பிடுங்கி நட வேண்டாம்னு சொல்லுவ. ரொம்பச் சரி. பஸ் வந்து நிக்கிறது தெக்க. சந்தை தெக்க. சனம் வந்து எறங்குறது தெக்க. பாலம் மட்டும் வடக்க. வண்டிக்கு முன்ன கால் மைலு நடந்தா உடம்புக்கு நல்லதுதான். ஊர்ல பாதிப் பேருக்குச் சக்கரை. டாக்டர் சொல்லிக் கேக்காதவன் எல்லாம் இனிமே உன் புண்ணியத்துல நடப்பான்.

சரி, ரெண்டு நாள் நின்னியே, தெக்குக் கோடியில பிளாட்பாரம் சரிஞ்சு மண்ணுல எறங்குதே, அந்த இடத்தைப் பாத்தியா? அங்க ஜல்லியில ஒரு தடம் தெரியும். மத்த எடத்துல ஜல்லி முனை முனையா, துருவேறி, செங்கறுப்பா இருக்கும். அந்த ஒரு முழ அகலத்துல மட்டும் முனை மழுங்கிப்போயி, மண்ணு அப்பி, வெளுத்திருக்கும். ரெண்டு கட்டைக்கு நடுவுல ஒரு சப்பைக் கல்லு. அதை யாரு கொண்டாந்து போட்டான்னு யாருக்கும் தெரியாது. எல்லாரும் அதுலதான் மொதக் காலை வைப்பாங்க. அங்கிட்டு ரெண்டாம் பிளாட்பாரத்து ஓரம் காரை பேந்து ஒரு குழி இருக்கும். அதுதான் கை ஊண்டி ஏறுற எடம். நாப்பது வருசமா ஊரே சேந்து காலால வரைஞ்ச பிளானு அது. உன் முக்காலிக்குள்ள கண்ணை வச்சா அது தெரியாது. ஆடு மேச்சவனுக்குத் தெரியும். ஆடு போட்ட தடத்துல பெறகு மனுசன் நடப்பான், மாட்டு வண்டி போகும், கடைசியில கவர்மென்டு தாரு ஊத்தும். எந்த ஆடாவது உங்கிட்ட வந்து காலி இடம் எங்க இருக்குன்னு கேட்டுச்சா?

நீ சட்டம் பேசுவ, தெரியும். ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147. அனுமதி இல்லாம தண்டவாளத்துல எறங்கினா ஆறு மாசம் வரைக்கும் செயிலு, இல்லேன்னா 1,000 ரூவா வரைக்கும் அவராதம், ரெண்டையும் சேத்தும் போடலாம். இந்தக் கிழவனுக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. கட்டினவனுக்குத் தெரியாதா? அன்னைக்கு என்னைப் பிடிச்சுப் பேரு ஊரு எழுதையில கேட்டேன்: “அய்யா, எறங்கினவனுக்கு இந்தப் பிரிவு. எறங்க வச்சவனுக்கு எந்தப் பிரிவு?” அவரு நல்ல மனுசன். சிரிச்சுக்கிட்டே, கையெழுத்துப் போடுங்க பெரியவரேன்னுட்டாரு.

ஆனா இது சிரிக்கிற காரியம் இல்லப்பா. 2012-ல அணு விஞ்ஞானி அனில் ககோட்கர் தலைமையில ஒரு குழு ரயில்வே பாதுகாப்பைப் பத்தி அறிக்கை கொடுத்துச்சு. இப்படித் தண்டவாளத்தைத் தாண்டையில அடிபட்டுச் சாகுறவங்க வருசத்துக்குக் கிட்டத்தட்ட 15,000 பேருன்னு அதுல எழுதியிருந்தாங்க. அதுல 6,000 பேரு மும்பைப் புறநகர் வண்டிகள்ல மட்டும். நம்ம ஊரு சனம் மாதிரி அஞ்சு ஊரு, ஒரே வருசத்துல காலி. மீட்டர் கேஜ் காலத்துல வண்டி மெதுவா வந்துச்சு, பிளாட்பாரமும் தரையோட தரையா இருந்துச்சு. வேட்டியை மடிச்சுக் கட்டிட்டுத் தாண்டிப் போயிருவோம். இப்ப பிளாட்பாரம் 80 சென்டிமீட்டர், என் தொடை ஒசரம். ஒரு கெழவியை மேல ஏத்த ரெண்டு ஆளு கையைப் பிடிச்சுத் தூக்கணும். அதுக்குள்ள வந்தே பாரத்து பூனை மாதிரி சத்தமில்லாம வந்து நிக்கிது. ரெட்டைத் தடம் வேற. ஒரு வண்டி போயிருச்சேன்னு அது வாலைப் பிடிச்சு எறங்கினா, அந்த வால் மறைச்சுக்கிட்டிருந்த அடுத்த வண்டி எதுத்தாப்புல வரும்.

அதனால பாலம் வேணும். இல்லேன்னு சொல்லல. மேலயா கீழயாங்கிறதுதான் பேச்சு. இதுல உன்னைய விட எனக்குக் கணக்கு நல்லா வரும்.

ரயிலு ஒசரமா, மனுசன் ஒசரமா? ரயிலுதானே. ரயிலுக்கு மேல 25,000 வோல்ட்டு கம்பி. கம்பிக்கு மேல கொஞ்சம் வெத்து எடம். அதுக்கு மேலதான் உன் இரும்பு உத்திரம். ஆக, தண்டவாளத்துல இருந்து 6 மீட்டருக்கு மேல போனாத்தான் நீ தளமே போட முடியும். பிளாட்பாரத்து ஒசரத்தைக் கழிச்சுப் பாத்தாலும் ஏறவேண்டியது கிட்டத்தட்ட 6 மீட்டரு, ரெண்டு மாடி வீட்டு மொட்டை மாடி. படி ஒண்ணு 15 சென்டின்னா 40 படி. ஏற 40, எறங்க 40. பழனி மலைக்கு நேந்துக்கிட்டவனுக்குக்கூட ஏறி முடிச்சா பஞ்சாமிர்தம் கெடைக்கும். உன் பாலத்துல ஏறினா என்ன கெடைக்கும்? வண்டி கெளம்புறது மேல இருந்து நல்லாத் தெரியும்.

கீழ போனா போறது ஆளு மட்டும்தான். தலையில கூடை வச்சு வந்தாலும் ரெண்டரை மீட்டர் ஒசரம் தாராளம். மேல கான்கிரீட்டு, ஜல்லி, கட்டை எல்லாம் சேந்து ஒரு மீட்டர் சொச்சம். பிளாட்பாரத்துல இருந்து நாலரை மீட்டர்ல அடங்கிரும். 30 படிதான். இன்னொரு சூட்சுமம் இருக்கு. வண்டிக்கு ஓடி வாரவனுக்கு மொதல்ல எறக்கம் வந்தா கால் தானாப் போகும். மொதல்லயே ஏத்தம்னா நிமிந்து பாப்பான், தண்டவாளத்தைக் குனிஞ்சு பாப்பான், குதிச்சிருவான். வண்டியை நிறுத்தாமலே வேகத்தை மட்டும் கொறைச்சு, பக்கத்துல வார்த்த கான்கிரீட்டுப் பெட்டியை ஜாக்கி வச்சுத் தண்டவாளத்துக்கு அடியில தள்ளுற வித்தை உங்ககிட்ட இருக்குல்ல? அடுத்த ஊர்ல தள்ளையில ஒரு நாள் பூரா நின்னு வேடிக்கை பாத்தேன். யானையைப் பூட்டுன மாதிரி இஞ்சு இஞ்சா நகந்துச்சு. நல்ல வேலை.

அப்ப கீழயே போடுங்கறேனா? அவசரப்படாத. தண்ணிக்கு உன் வரைபடம் வாசிக்கத் தெரியாது, பள்ளம் மட்டும்தான் தெரியும். அகல ரயில் பாதையில ஆளில்லாத கேட்டே கெடையாதுன்னு 2019 சனவரியோட ஒழிச்சாங்க. எத்தனையோ உசுரு தப்பிச்சுச்சு, மறுக்க முடியாது. ஆனா பல எடத்துல கேட்டுக்குப் பதிலா அடியில ஒரு பொந்து தோண்டிக் கொடுத்தாங்க. ஐப்பசி மழைக்கு அந்தப் பொந்துகளைப் போயிப் பாரு. கம்மாய் வத்திக் கெடக்கும், பொந்து நெறஞ்சிருக்கும். நாலு அயிரைக் குஞ்சு வாங்கி விட்டா மீன் குத்தகைக்கே விடலாம். காரு முங்கி உசுரு போன ஊரும் இருக்கு.

கெணத்தைச் சுத்தி மேடு கட்டுறோமே, எதுக்கு? ஆத்தா தண்ணி எறைக்கச் சாஞ்சு நிக்கிறதுக்கா? மழைத் தண்ணி உள்ள போகாம இருக்கத்தான். சுரங்கப்பாதை வாசல்லயும் மொத ரெண்டு படி மேல ஏறி, பெறகு கீழ எறங்கணும். வாசலுக்குக் கூரை வேணும். உள்ள வடியுற தண்ணி பக்கத்து ஓடைக்குத் தானா வடியுற மாதிரி வாட்டம் இருந்தாத்தான் உருப்படும். மோட்டாரை நம்பாத. மழை பெஞ்சாத்தான் மோட்டாருக்கு வேலை, மழை பெஞ்சாத்தான் கரண்டும் போகும். பெறகு அந்தப் பாதை அம்பு விட்ட மாதிரி நேரா இருக்கணும். இந்த வாசல்ல நின்னா அந்த வாசல் வெளிச்சம் தெரியணும். நடுவுல ஒரு வளைவு வச்சியோ, ராத்திரி எட்டு மணிக்கு மேல ஒரு பொம்பளப் பிள்ளையும் அதுல கால் வைக்காது. வளைவு எதுக்குப் பயன்படும்னு வாடையே சொல்லிரும்.

நம்ம டேசன் எங்க இருக்கு? கம்மாய்க்குக் கீழ, கரிசல்ல. மழை பெஞ்சா உப்பும், வெயில் அடிச்சா வெடிக்கும். தண்ணி வடிய ஓடையும் கெடையாது. அதனால இந்த ஊருக்கு மேலதான்டா சரி. அதுல உன்னைய நான் கொறை சொல்லல. தெக்க போடு, அவ்வளவுதான். ஒரு கம்பத்தைப் பிடுங்கி நட்டா என்ன, அது என்ன ஊர்ச் சாமியா?

இப்பப் படிக்கு வருவோம். ஒவ்வொரு படியும் ஒரே ஒசரம் இருக்கணும். நீ தாள்ல அப்படித்தான் போடுவ. கட்டுறவன் மேல இருந்து கட்டிக்கிட்டே வந்து, கீழ மிஞ்சுறதை எல்லாம் கடைசிப் படி தலையில கட்டிருவான். மத்ததெல்லாம் ஒரு சாண் கூட இருக்காது, கடைசிப் படி மட்டும் ரெண்டு வெரக்கடை எச்சா நிக்கும். கண்ணுக்குத் தெரியாது. காலுக்குத் தெரியும். 39 படி எறங்கின காலு அதே கணக்குல நாப்பதாவதை வைக்கும், தரை இருக்க வேண்டிய எடத்துல தரை இருக்காது. ஒரு டேசன்ல அப்படி ஒரு படிக்குப் பக்கத்துலயே இட்லிக் கடை போட்டிருந்தவன் எங்கிட்டச் சொன்னான், “விழுந்தவங்க உக்காந்து மூச்சு வாங்கையில டீ சாப்பிடுறாங்க பெரியவரே, நல்ல எடம்”னு.

கூரையும் அப்படித்தான். பாலம் பூராத் தகரம் போடுவீக, கடைசி நாலு படிக்கு முன்னால காசு தீந்துரும். மழையில நனையிறது அந்த நாலு படி. வழுக்குறதும் அந்த நாலு படி. கைப்பிடியில ஒரு கம்பி போதாது. கொழந்தைக்குக் கீழ ஒண்ணு, பெரியவனுக்கு மேல ஒண்ணு. படி ஓரத்துல சக்கரப் பெட்டியை உருட்டிட்டுப் போக ஒரு வாய்க்கா மாதிரி விட்டாச் சொத்தா போயிரும்? கம்பிக்கு மேல வர்ற எடத்துல மட்டும் ஆள் ஒசரத்துக்குத் தகரம் அடைச்சிருக்க. அது நல்லது. நான் தொரட்டிக் கம்போட அதுல ஏறுவேன்னு நெனச்சுத்தானே அடைச்ச?

சாய்வுப் பாதை கேப்பாங்க, சக்கர நாற்காலிக்கு. ஒண்ணுக்குப் பன்னெண்டு வாட்டம். 6 மீட்டர் ஏற 72 மீட்டர் நீளம், நடுவுல நின்னு எளப்பாற எடம் தனி. மூணு ரயில் பெட்டி நீளம். அங்கிட்டு எறங்க இன்னொரு 72. அதுக்கு எடம் ஏதுன்னு நீ லிப்டு வச்சிருக்க. பலே. இதுக்கு மட்டும் அனுபவஸ்தன் ஒரு யோசனை சொல்றேன், குறிச்சுக்கோ. மொதல்ல பூட்டு வாங்கு. நல்ல திண்டுக்கல் பூட்டா வாங்கு. பெறகு லிப்டு வாங்கு. பூட்டு வந்து லிப்டு வராமப் போனாப் பரவாயில்ல, லிப்டு வந்து பூட்டு வராமப் போனா சனம் உபயோகப்படுத்திரும், தேஞ்சுபோகும். சாவியை யாருகிட்டக் கொடுக்கிறதுன்னு வரைபடத்துலயே எழுதிரு: “இப்பத்தான் சாப்பிடப் போனாரு” அப்படிங்கற ஆளுகிட்ட.

சிரிக்கிற. சிரி. இப்பச் சொல்றதுக்குச் சிரிக்க மாட்ட.

ஆட்டுப் பட்டிக்குப் படல் எவ்வளவு அகலம் வைப்போம் தெரியுமா? எண்ணிக்கைக்காகக் குறுக்கித்தான் வைப்போம், ஆனா மேய்ப்பன் பக்கத்துலயே நிப்பான். இருநூறு ஆடு ஒரே நேரத்துல பாஞ்சா படல்ல சிக்கி, கீழ விழுந்தது எந்திரிக்காது. மழை வந்தா இன்னும் மோசம். ஆடு மழையில நகராது. கூரை இருக்கிற எடத்துல நின்னுக்கும், பின்னால வாரது முட்டிக்கிட்டே வரும். 2017 செப்டம்பர் 29, மும்பையில எல்பின்ஸ்டன் ரோடு டேசனுக்கும் பரேலுக்கும் நடுவுல இருந்த நடைபாலம். காலை நேரம். பேய் மழை. எறங்கினவங்க கூரையை விட்டு வெளிய போகாமப் படியில நின்னுட்டாங்க. வண்டி மேல வண்டி வந்து ஆளுகளைக் கொட்டுது. குறுகலான படி. 23 பேரு போயிட்டாங்க. யாரோ “பூ விழுந்துருச்சு”ன்னு கத்தினது “பாலம் விழுந்துருச்சு”ன்னு காதுல கேட்டுச்சுன்னு தப்பிச்ச ஒருத்தர் விசாரணையில சொன்னதாப் பேப்பர்ல வந்துச்சு. இந்தியில பூவுக்கு ஃபூல், பாலத்துக்குப் புல். ஒரு நெடிலு குறிலாப் போச்சு.

அதுக்கப்புறம் ராணுவத்தைக் கூப்பிட்டாங்க. அஞ்சே மாசத்துல, 2018 பிப்ரவரி கடைசியில, புதுப் பாலம் தெறந்தாச்சு. அஞ்சு மாச வேலைதான்டா அது. அதுவரைக்கும் நடைபாலம்னா பயணிக்குச் செஞ்சு கொடுக்கிற வசதி, மின்விசிறி, குடிதண்ணிக் குழாய் மாதிரி. சாவு விழுந்த பெறகுதான் பாலம் பாதுகாப்புக் கணக்குக்கு வந்துச்சு.

உன் பாலத்து அகலம் எவ்வளவு? மூணு மீட்டர். ஒரு நாள்ல எத்தனை பேரு டிக்கெட்டு எடுக்கிறாங்கன்னு கணக்குப் பாத்து வச்சியாக்கும்? தப்பு. பங்குனிப் பொங்கலன்னைக்கு, ரெண்டு வண்டி ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் நின்னா எத்தனை பேரு எறங்குவான், அதைப் பாரு. கல்யாண வீட்டுல தெனமும் சாப்பிடுறவங்க எண்ணிக்கைக்கா எலை போடுவாங்க? இன்னொண்ணு, படி எறங்குற எடம். பிளாட்பாரத்து நடுவுல அகலமாப் படியை எறக்கிட்டு, ரெண்டு பக்கமும் ஒரு ஆளு சாஞ்சு போற எடம் மட்டும் விட்டா, வண்டிக்கும் படிச் சுவத்துக்கும் நடுவுல சனம் கரும்பு மாதிரிப் பிழிபடும். படியை அகலமாக்கினா பிளாட்பாரத்தையும் அகலமாக்கு. காசு இல்லேன்னா ஒரே படியா வைக்காம முன்னாலயும் பின்னாலயும் ரெண்டு எறக்கம் வை. ரிசர்வேசன் இல்லாத பெட்டி வண்டியோட ரெண்டு கோடியிலயும்தான் நிக்கிது. கூட்டம் அங்கதான் எறங்குது.

போன வருசம் உங்க அத்தை வீட்டுக்கு மெட்ராஸ் போயிருந்தேன்ல. மாம்பலம் டேசன்ல எறங்கினா, மேலேயே ஒரு நடைபாலம் தி.நகர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகுது. 570 மீட்டர், 2023 மே மாசம் தெறந்தது. கீழ ரங்கநாதன் தெருவுல சனம் எள்ளுப் போட்டா எள்ளு விழாது. நான் மேல துண்டை வீசிட்டு நடந்து போறேன். ரயில்ல எறங்குறவன் தண்டவாளத்துக்கு அங்கிட்டு நிக்கிறதுக்காகப் பாலம் ஏறல, பஸ்ஸுக்குப் போறதுக்காக ஏறுறான். அதை எவனோ ஒருத்தன் யோசிச்சிருக்கான் பாரு. அவன் முழங்கால் நல்லாருக்கட்டும். 2023 ஆகஸ்டுல நாடு பூரா 508 டேசனைப் புதுப்பிக்கப் போறோம்னு அடிக்கல் நாட்டுனாங்க, நம்ம மாநிலத்துல 18. வாசல் அலங்காரம், வளைவு, வெளக்கு எல்லாம் வந்திருக்கு, போட்டோவுக்கு நல்லா இருக்கு. நான் போட்டோவைப் பாக்கிறவன் இல்ல, படியைப் பாக்கிறவன்.

அந்தா பாரு, பாசஞ்சருக்கு வெள்ளரிக்காய்க் கூடையோட ஒருத்தி போறா. சும்மாடு வச்சு, கூடை, அதுக்கு மேல ஒரு சின்னக் கூடை. வண்டி ரெண்டு நிமிசம்தான் நிக்கும். வடக்க இருக்கிற உன் பாலத்துல ஏறி எறங்கி வந்தா அவ விக்கிறது வண்டி வாலுக்குத்தான். எந்த வழியாப் போறான்னு பாரு. ம், பாத்தியா, சப்பைக் கல்லுல காலை வச்சுட்டா. அவளுக்கு உன் வரைபடத்தைக் காட்டிக் கேட்டியா?

சரி, பேசினது போதும். எந்திரி. அந்தத் தாவாரத்துல வெங்காய மூட்டை ஒண்ணு கெடக்கு, இருபத்தஞ்சு கிலோதான். தோள்ல தூக்கி வை. அடுத்த ஊரு டேசன்ல பாலம் இருக்குல்ல, அதுல ஒரு தடவை ஏறி ரெண்டாம் பிளாட்பாரத்துக்குப் போயிட்டு, இங்கிட்டுத் திரும்பி வா. கைபேசியில நேரத்தைக் குறிச்சுக்கோ. வந்து ரப்பரை எடுத்து அந்த நீலக் கோட்டை அழி. அழிக்க மனசு வரலேன்னா மூட்டையைத் தூக்கிட்டு இன்னொரு தடவை போயிட்டு வா.